தொடக்கப் பள்ளி ரவுட்டர்களில் குழந்தைகளுக்கான இணைய வடிகட்டி அமைக்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: பள்ளி இணைய இணைப்பில் வடிகட்டி, மாதாந்திரச் சோதனை, புகார் நடைமுறை – உத்தரவு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஸ்மார்ட் வகுப்பறையும் பிராட்பேண்ட் இணைப்பும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்திருப்பதை மனமார வரவேற்கிறோம். ஆனால் வீட்டு இணைப்புக்கு மாட்டுவது போலவே பள்ளிக்கும் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனால், அதில் எந்தத் தடுப்பும் இருக்காது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியில், "கவனமாக இருங்கள்" என்ற சுற்றறிக்கை மட்டும் பிள்ளைகளைக் காக்காது. தடுப்பு ரவுட்டரிலேயே இருக்க வேண்டும்.

இதற்குச் செலவில்லை. ரவுட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய எண்ணாக மாற்றித் தரும் சேவை) பகுதியில் கிளீன்பிரவுசிங் நிறுவனத்தின் இலவசக் குடும்ப வடிகட்டி எண்களான 185.228.168.168, 185.228.169.168 இரண்டையும் பதிந்தால் ஆபாசத் தளங்கள் திறக்காது. கூகுள் தேடலும் யூடியூபும் பாதுகாப்பு நிலைக்கு மாறிவிடும். முதல் எண்ணை மட்டும் பதிந்துவிட்டு இரண்டாவதில் இணைப்பு நிறுவனத்தின் எண்ணை விட்டுவைத்தால், கோரிக்கைகள் அந்த வழியாக நழுவிவிடும். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) இயங்கும் இணைப்பில் அதன் டிஎன்எஸ்ஸையும் மாற்ற வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, புதியதைத் தலைமையாசிரியர் பொறுப்பில் வைக்க வேண்டும்.

ஒருமுறை அமைத்தால் போதும் என்று விட்டுவிட முடியாது. லைன் பழுது பார்க்க வருபவர் ரீசெட் பொத்தானை அழுத்தினால் அத்தனையும் அழிந்துவிடும். இணைப்பு வழக்கம்போல் வேலை செய்வதால் யாருக்கும் தெரியவும் தெரியாது. சோதிக்க எளிய வழி உண்டு: வழக்கமாகக் கருத்துகள் வரும் யூடியூப் காணொளி ஒன்றைத் திறந்து பார்த்தால், வடிகட்டி இருக்கும்போது அதன் கீழே கருத்துகள் தெரியாது. தெரிந்தால் வடிகட்டி போய்விட்டது. மாதம் ஒருமுறை இதைச் சோதித்துப் பதிவேட்டில் கையொப்பமிடச் செய்ய வேண்டுகிறோம். இணைப்பு இல்லாத நாளில் ஆசிரியரின் கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு ரவுட்டரின் தடுப்பு பொருந்தாது. எனவே அரசு வழங்கிய டேப்லெட்டிலும் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் அதே வடிகட்டியின் பெயர் முகவரியைப் பதிய வேண்டும்.

ஸ்மார்ட் போர்டில் ஆசிரியரின் சொந்தக் கணக்கு திறந்திருந்தால் அவர் பார்த்தவற்றை ஒட்டிய பரிந்துரைகள் வகுப்பு முழுவதற்கும் தெரியும். கைபேசித் திரையைப் பகிரும்போது வாட்ஸ்அப் செய்தியும் பாடத்துக்கு நடுவே மேலே வந்து விழும். பள்ளிக்கெனத் தனிக் கணக்கு இருக்க வேண்டும். தானாக அடுத்த காணொளி ஓடும் வசதியை அணைத்துவைக்க வேண்டும். குழந்தைப் பாட்டு முடிந்ததும் என்ன வரும் என்பது யார் கையிலும் இல்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் முகம், பெயர், பள்ளிப் பெயர்ப்பலகை மூன்றும் ஒரே படத்தில் போகக் கூடாது. 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதே 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலைப்பாடும்.

பிள்ளைக்கு யாரேனும் தவறான படம் அனுப்பினாலோ கேட்டாலோ, பதறிப்போய் அழிப்பதும், "இதைப் பாருங்கள்" என்று மற்றவருக்கு அனுப்புவதும்தான் வழக்கமாக நடக்கிறது. அழித்தால் சாட்சியம் போகும். அனுப்புவது அதுவே குற்றமாகலாம். கைபேசியை அப்படியே வைத்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயக் கடமை. பள்ளிக்குள் பேசி முடிக்கும் விஷயமல்ல. பிள்ளையைத் திட்டக் கூடாது என்பதையும் உத்தரவில் எழுத்தால் சேர்க்க வேண்டுகிறோம். திட்டு வாங்கும் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது.

ஆகவே, ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஓர் ஆசிரியர் பயிற்றுநருக்கு இந்த அமைப்பில் பயிற்சி அளித்து, அனைத்துத் தொடக்கப் பள்ளி ரவுட்டர்களையும் இந்தப் பருவம் முடிவதற்குள் சரிசெய்ய உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பள்ளியில் முதலில் செய்து பார்க்க முழு ஒத்துழைப்பும் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுவினர்