குடியிருப்போர் நலச் சங்கம், மஞ்சக்குப்பம், கடலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. கோரம் சேராமல் தேநீரோடு கலைந்த கூட்டங்களும் அவற்றுள் அடங்கும். சுதந்திர தினம், குடியரசு தினம், பொங்கல் கோலப்போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய் தொடர்பாக மாநகராட்சிக்கு மனுக்கள் அளிக்கப்பட்டுள்ளன.

மருத்துவம் படிக்க விரும்பும் மேல்நிலை மாணவர்களுக்கெனத் தொடங்கிய சேவைப் பயிற்சி வட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. "நீட் மதிப்பெண்தானே இடம் வாங்கித் தரும், இது எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. கேள்வி நியாயமானதே. 720 மதிப்பெண்ணுக்கான அத்தேர்வில், இரத்ததான முகாமில் நின்றதற்கு அரை மதிப்பெண்கூடக் கிடையாது. விளையாட்டு வீரர்களுக்கான சில தனி இடங்களைத் தவிர, கலந்தாய்விலும் இவற்றை எவரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இடம் கிடைத்த பிறகு நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு கட்டாயப் பயிற்சியும் இருக்கின்றன. குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்படி முதலாண்டு மாணவரே கிராமத்து வீடுகளுக்குச் சென்று சில குடும்பங்களின் உடல்நலத்தைக் கவனித்துவர வேண்டும். முன்பின் அறியாத ஒரு மூதாட்டியிடம், சர்க்கரை மாத்திரையை ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று மனம் நோகாமல் கேட்பதை எந்தப் பயிற்சி மையமும் சொல்லித் தருவதில்லை. அதைப் பதினொன்றாம் வகுப்பிலேயே பழகினால் குறைந்துவிடுவது ஒன்றுமில்லை. இத்தொழில் தமக்கு ஒத்துவராது என்று ஒரு பிள்ளை இப்போதே உணர்ந்து விலகினாலும் பெற்றோருக்கு அது ஆதாயமே.

பயிற்சி என்றதும் ஊசி போடக் கற்றுத் தருவோம் என எண்ணியவர்களும் உண்டு. நோயாளியைத் தொடும் எந்தச் சிகிச்சைப் பணியும் பிள்ளைகளுக்குத் தரப்படவில்லை. 18 வயது நிரம்பாதவர் இரத்தம் கொடுக்க முடியாது. ஆனால் படிவம் நிரப்ப உதவலாம், கொடுத்து முடித்தவருக்குப் பழச்சாறு தந்து, தலைசுற்றல் வருகிறதா என்று அருகிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். முதலுதவி வகுப்பில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில், இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்வதுபோல் நெஞ்சை அழுத்தப் பொம்மையின்மீது பழகினார்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துபோகும் என்பது அன்று அனைவருக்கும் விளங்கியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணைக் கரையோரம் மூழ்கியபோது, வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை டம்ளர் டம்ளராகத் தூவிக் குடிக்காமல், ஒரு லிட்டர் குடிநீரில் முழுவதையும் கரைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னவர்கள் இவர்களே. நோயாளிகளைப் படமெடுக்கக் கூடாது என்ற விதியை மீறிய ஒரு மாணவர் வட்டத்திலிருந்து நிறுத்தப்பட்டார். அன்றிலிருந்து அவருடைய தந்தையார் சந்தா செலுத்துவதையும் நிறுத்திவிட்டார்.

இனிச் சான்றிதழ் விவகாரம். வெளிநாட்டு விண்ணப்பங்களில் இத்தகைய அனுபவத்துக்கு மதிப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. இங்கிலாந்தில் மருத்துவப் படிப்புக்கு அக்டோபர் 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2026 சேர்க்கை முதல் மாணவர் தம்மைப் பற்றி எழுதும் பகுதியில், பாடத்துக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது எவ்வகையில் பயன்படும் என்றே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. பட்டப்படிப்பு முடித்தபின் மருத்துவத்துக்குப் போகும் அமெரிக்க முறையிலோ, பொது விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை, செலவிட்ட மணிக்கணக்கோடும், விசாரிக்க வேண்டியவரின் பெயரோடும் குறிப்பிட வேண்டும். அந்தப் பெயர் என்னுடையதாக இருக்கும். எனவே, விடுமுறையில் வந்து ஒருநாள் குழுப்படத்தில் நின்றவருக்கு 100 மணி நேரம் என்று எழுதித் தருமாறு கேட்கப்பட்டபோது மறுத்துவிட்டேன். சங்கத்தின் லெட்டர்பேடு செயலாளர் வீட்டுச் சொத்தா என்று அவ்வுறுப்பினர் தெருவில் நின்று கேட்டது பலர் காதிலும் விழுந்திருக்கும். வருகைப் பதிவேடு மேசைமீது இருக்கிறது. யாரும் புரட்டிப் பார்க்கலாம். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே திரும்பி மருத்துவம் பார்க்க விரும்புவோருக்கும் நீட் தகுதி வேண்டும் என்பதையும், அதை மறந்து பேசும் பெற்றோருக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. வட்டத்தால்தான் பணம் கரைந்தது என்ற பேச்சு சரியன்று. கையுறை, சோப்பு, போக்குவரத்துக்கு ஆன செலவு கோலப்போட்டிப் பரிசுத் தொகையைத் தாண்டவில்லை. குறைவுக்குக் காரணம் சந்தா நிலுவை. மாடிவீடு உள்ளவர்களே அதிகம் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதற்குமேல் சொல்ல நான் விரும்பவில்லை.

ஒத்துழைத்த தலைவருக்கும், தணிக்கையாளருக்கும், வகுப்பெடுத்த செவிலியர்களுக்கும், நாற்காலி தந்துதவிய பந்தல் கடைக்காரருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் வட்டத்தைப் பதினொன்றாம் வகுப்பினருக்கு மட்டும் ஜூன் மாதமே தொடங்குவது நல்லது. பன்னிரண்டாம் வகுப்பினர் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வர முடிவதில்லை, அது அவர்கள் குற்றமும் அன்று. சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று திரும்ப அழைத்துவர இரு பெற்றோர் முன்வந்தால் இப்பொறுப்பில் தொடர எனக்குத் தடையில்லை. எவரும் முன்வராவிடில், புதிய செயலாளரிடம் பதிவேட்டை ஒப்படைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுக்கலாம். ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் வாயிலருகே அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்