நண்டு ரசத்துக்குச் சினை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழோடு வந்த சமையல் இணைப்பில் ‘செட்டிநாட்டு நண்டு ரசம்’ என்று ஒரு குறிப்பு. அதன் முதல் வரியே, “சினை நண்டாகப் பார்த்து வாங்குங்கள், ருசியே தனி” என்கிறது. மருமகள் வாசித்துக் காட்டியபோது அவள்தான் ஏதோ சேர்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நானே பார்த்தேன். அச்சில் அப்படியேதான் இருக்கிறது. அதே இதழின் தலையங்கம் கடல்வளம் அழிகிறதே என்று கண்ணீர் விடுகிறது. தலையங்கம் எழுதுகிறவரும் சமையல் பக்கம் பார்க்கிறவரும் ஒரே அலுவலகத்தில்தான் இருக்கிறீர்களா, தனித்தனி ஊரா?

நான் 31 வருடம் தொண்டியில் மீன் எடுத்து, திருவாடானை, தேவகோட்டை வழியாகக் காரைக்குடிப் பக்கம் கொண்டுவந்து விற்றவன். முதலில் பஸ்ஸில் கூடை, பிறகு டிவிஎஸ் 50, கடைசி எட்டு வருடம் ஐஸ் பெட்டியோடு லோடு ஆட்டோ. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் என்று வீடு வீடாகப் போவேன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன்கூட வாங்காத ஆச்சிமார்களிடம் வியாபாரம் பண்ணியவன் என்றால் உங்களுக்கே புரியும். முழங்கால் தேய்ந்து இப்போது வீட்டில் இருக்கிறேன். அதனால்தான் சமையல் இணைப்பெல்லாம் வாசிக்க நேரம் கிடைக்கிறது.

சினை நண்டை நானும் விற்றிருக்கிறேன். மறைப்பதற்கில்லை. கிலோவுக்குக் கூடுதலாகவே கிடைக்கும். ஒருநாள் பள்ளத்தூரில் ஒரு ஆச்சி கூடையிலிருந்த நண்டைப் புரட்டிப் பார்த்தார்கள். அடிவயிற்றில் மஞ்சள் பஞ்சை அடைத்ததுபோல முட்டை. “ஏப்பா, பிள்ளைத்தாச்சியக் கொண்டாந்திருக்கியே, இத யாரு வீட்ல ஆக்குவாக?” என்றார்கள். “எல்லாரும் கேட்டு வாங்குறாக ஆச்சி” என்றேன். “கேட்டா குடுத்துருவியா?” அவ்வளவுதான் கேட்டார்கள். அன்றைக்கு நண்டு வாங்கவில்லை. வெயிலில் வந்திருக்கிறான் என்று ஒரு செம்பு மோர் மட்டும் கொடுத்தனுப்பினார்கள். அந்த மோர் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஏலத்தில் சினை நண்டுக் கூறு வந்தால் கேட்க மாட்டேன். பக்கத்து வியாபாரி எடுத்துக்கொண்டு போய் என் கண் முன்னாலேயே லாபம் பார்ப்பார், அது வேறு கதை.

பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டில் சினைப்பட்ட பெண் ஒவ்வொன்றும் வயிற்றுக்கடியில் லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பொரிக்கிற நேரத்தில் கருப்பு. மஞ்சளிலிருந்து கருப்புக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம் அதை விட்டுவைக்க நமக்குப் பொறுமை இல்லை. தங்களுக்குத் தெரியாததல்ல, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் 61 நாளாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகலாம். நண்டு வலை விடுகிறவர்கள் பெரும்பாலும் நாட்டுப்படகுக்காரர்கள். நண்டோ வருடம் முழுக்கச் சினை பிடிக்கும். ஆக, சினை நண்டைக் காப்பாற்ற எந்தத் தடைக்காலத்தாலும் ஆகாது. வாங்குகிறவர் வேண்டாம் என்று சொன்னால்தான் உண்டு. வலையில் வருகிற நண்டு உயிரோடுதான் வருகிறது. நல்ல விலை கிடைக்காது என்று தெரிந்தால் கடலிலேயே உதறிவிட்டு வருவார்கள். தாய்லாந்தில் மீனவக் கிராமங்களில் ‘நண்டு வங்கி’ என்றே வைத்திருக்கிறார்கள். சினையோடு வந்ததைத் தனியே தண்ணீரில் விட்டுவைத்து, முட்டை பொரிந்த குஞ்சுகளைக் கடலில் சேர்த்துவிட்டுத்தான் தாய் நண்டை எடுக்கிறார்கள். இங்கே நீங்கள் அதைப் பார்த்து வாங்கச் சொல்லி அச்சடிக்கிறீர்கள்.

சரி, ருசிக்காவது உண்மையா என்றால் அதுவும் இல்லை. நண்டு ரசத்துக்கு ருசி காலிலும் ஓட்டிலும் இருக்கிறது. காலை உடைத்து, மிளகு, சீரகம், பூண்டோடு அம்மியில் ஒரு இழுப்பு இழுத்துக் கொதிக்கவிட்டு வடித்தால் அதுதான் ரசம். சினை அதில் திரிந்து திப்பி திப்பியாக மிதக்கும். இதை எழுதியவர் நண்டு ரசம் வைத்ததும் இல்லை, குடித்ததும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அடுத்த பக்கம் சுறாப்புட்டு. “பிஞ்சுச் சுறாவாக இருந்தால் நல்லது.” பிஞ்சாகப் பறிக்க அது என்ன வெண்டைக்காயா? பால் சுறா ஒரு ஈற்றுக்கு விரல் விட்டு எண்ணுகிற அளவு குட்டிதான் போடும். மத்தி மாதிரி கொட்டிக் குவிக்கிற ஜாதி இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று எங்கள் பக்கம் சுறாப்புட்டு கொடுப்பது வழக்கம், நானும் பல வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது மருந்து மாதிரி, ஒரு வீட்டில் ஒரு பேறுக்கு. உங்கள் இணைப்பில் அது ‘வார இறுதி ஸ்டார்ட்டர்’ ஆகிவிட்டது. வேளா என்று ஒரு மீன் உண்டு, மூக்கு ரம்பம் மாதிரி இரண்டு பக்கமும் பல்லோடு நீண்டிருக்கும். என் அப்பா காலத்தில் தொண்டிக் கரையில் சாதாரணமாகப் பார்ப்பார்களாம். 2001-இல் அதைப் பிடிக்கக் கூடாது என்று வனவிலங்குச் சட்டத்தில் சேர்த்தார்கள். நான் அத்தனை வருடத்தில் இரண்டே தடவைதான் பார்த்தேன். சுறாவும் அந்த வழியில் போய்விடக் கூடாதே என்கிற பயம்தான்.

எழுத ஆரம்பித்தாகிவிட்டது, பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஜூன் மாத இதழில், தடை முடிந்துவிட்டது, இனி மீன் பிரியர்களுக்கு விருந்து என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். தடை முடிகிற அன்றைக்கு என்ன நடக்கும் என்று யாராவது கரைக்கு வந்து பார்த்ததுண்டா? இரண்டு மாதம் வளர்ந்த குஞ்சுகளை முதல் வாரத்திலேயே விசைப்படகின் இழுவைமடி வலை வாரிக்கொண்டு வரும். கொட்டினால் பாதி சங்காயம், அதாவது சமைக்க உதவாத பொடிக் கழிவு மீன். விரல் நீளக் காரல், நகத்தளவு நண்டு, கண் திறக்காத கணவாய், எல்லாம் சேர்ந்து மண்வெட்டியால் அள்ளிக் கோழித் தீவனத்துக்குப் போகும். விருந்து கோழிக்குத்தான். இதைப் பற்றி அப்போதே உங்களுக்கு நாலு பக்கம் எழுதினேன். போடவில்லை. ‘மீன் குழம்பில் புளி அதிகமானால் என்ன செய்வது’ என்று கேட்ட வாசகிக்கு அரைப் பக்கம் பதில் போட்டிருந்தீர்கள்.

மீனவர்களை நான் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 1960-களில் இழுவைப்படகைக் கொண்டுவந்து, கடன் கொடுத்து ஓட்டச் சொன்னதே அரசாங்கம்தான். 1983-இல் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் போட்டார்கள். பிறகு 2017-இல் இழுவைப்படகை விட்டு ஆழ்கடலுக்குப் போங்கள் என்று படகு ஒன்றுக்கு 80 லட்ச ரூபாயில் திட்டம் போட்டார்கள். இடையில் பாவம் கரைக்காரர்கள் திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு எங்கள் ஆச்சிமாருக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை போனால், “நேத்து இழுத்த மீனா, நாட்டுப்படகு மீனா?” என்பார்கள். நாட்டுப்படகு மீன் என்றால் பத்து ரூபாய் கூடக் கொடுப்பார்கள், நசுங்காமல் இருக்கும். அந்தப் பத்து ரூபாய்க்குக் கடலில் எவ்வளவு வேலை நடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. கேரளத்தில் மத்தி 10 சென்டிமீட்டருக்கும் அயிலை 14 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் இதழில் வருகிற சமையல் குறிப்பில் மீனுக்கு அளவு என்றால் ‘அரை கிலோ’ மட்டும்தான்.

இன்னொன்று. போன தீபாவளி மலரில் ‘செட்டிநாடு மீன் வறுவல்’ என்று போட்டிருந்த படத்தில் இருந்தது சால்மன். அது எங்கள் ஏலக்கூடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. மிளகாய்த்தூளைத் தூக்கலாகப் போட்டு எதன்மேல் தடவினாலும் செட்டிநாடு என்று பெயர் வைத்துவிடுகிறீர்கள். அதைக் கேட்டு அலுத்துவிட்டது, விட்டுவிடுகிறேன். ஆனால் சினை நண்டை எங்கள் ஊர்ப் பெயரில் விற்காதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இணைப்பில், அதே இடத்தில், இரண்டு வரி: ‘நண்டு ரசத்துக்கு ஆண் நண்டு போதும். புரட்டிப் பார்த்தால் அடிவயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருப்பது ஆண், அகன்று வட்டமாக இருப்பது பெண்.’ ஆண் நண்டுக்குக் கொடுக்கு பெரிது, சதையும் உண்டு, வாசகர்களுக்கு நஷ்டமில்லை. இடம் இல்லை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்தப் பக்கத்தின் கீழே வருகிற இட்லிப் பொடி விளம்பரத்தை அரை அங்குலம் சுருக்கினால் போதும்.

இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை, பழக்கம்தான். அந்த இரண்டு வரியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மீன் வியாபாரி,
தேவகோட்டை ரஸ்தா.