குருமரபுப் பலகையும் நிலுவைச் சந்தாவும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆசான் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் அனுப்பப்படும்.

விங் சுன் என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பயிலும் நம் சங்கத்தில், குடியரசு தினத்தன்று கொடியேற்றினோம். செயற்குழு ஏழு முறை கூட்டப்பட்டது. நான்கு முறை கூட்டம் நடத்தப் போதுமான உறுப்பினர்கள் இருந்தனர். ஆயுதபூஜையன்று நாம் அடித்துப் பழகும் மரப்பொம்மையின் மூன்று கைகளுக்கும் ஒற்றைக் காலுக்கும் தாராளமாகச் சந்தனம் பூசப்பட்டது. மறுநாள் பயிற்சிக்கு வந்தவர்களின் வெள்ளைச் சட்டைகள் என்ன ஆயின என்பது வந்தவர்களுக்குத் தெரியும்.

இனி, யார் யாரிடம் கற்றார் என்பதைக் கோடுகளால் காட்டும், கூடத்தின் சுவரில் மாட்டியுள்ள குருமரபுப் பலகை. அதன் செலவு குறித்துக் கேள்வி எழுந்திருப்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பலகையின் நடுவில் இருப்பவர் இப் மேன். 1893இல் சீனாவின் ஃபோஷான் நகரில் பிறந்தவர். சிறுவயதில் சான் வா சுன் என்ற நாணயமாற்று வணிகரிடம் விங் சுன் கற்றார். அவருடைய கடைசிச் சீடரும் இவரே. சான் வா சுன்னின் ஆசான், ஃபோஷானில் வைத்தியம் பார்த்துவந்த லியூங் ஜான். இதுவரை கெட்டிக்கோடு. அதற்கும் மேலே படகில் சென்று நாடகம் போட்டவர்கள், பிக்குணி இங் முய், யிம் விங் சுன் என்ற பெண் என்று நீளும் கதையைச் சிறிய எழுத்தில் எழுதி, 'செவிவழி' என்று குறித்திருக்கிறேன்.

உச்சியில் போதிதர்மரை எழுத வேண்டும் என்று சில உறுப்பினர்கள் வற்புறுத்தினர். அவர் காஞ்சியிலிருந்து சென்றார் என்ற நம்பிக்கையில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அவரிலிருந்து லியூங் ஜான் வரை பெயர் பெயராக இறங்கிவரும் சங்கிலியை ஒருவரும் காட்டவில்லை. காட்டினால் இன்றே எழுதத் தயார். இதற்காக என்னைத் தமிழ் விரோதி என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர், 18 மாதச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்.

லியூங் ஜானின் மகன் லியூங் பிக்கை ஹாங்காங்கில் சந்தித்து, அவரிடமும் கற்றதாக இப் மேன் சொல்லியிருக்கிறார். இதை ஏற்காத மூத்தவர்களும் உண்டு. ஆகவே அங்கே புள்ளிக்கோடு போடச் சொன்னேன். பலகை எழுதியவர், வண்ணம் விட்டுப்போயிருக்கிறது என்று எண்ணி, நல்லெண்ணத்துடன் புள்ளிகளை இணைத்துவிட்டார். அதைச் சுரண்டி மறுபடி எழுதிய கூலிதான் பற்றுச்சீட்டில் 'திருத்தம்' என்று வருகிறது. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

புரூஸ் லீயின் படத்தை நடுவில் பெரிதாகப் போடாதது ஏன் என்று கேட்கிறார்கள். அவர் 1950களில் சிறுவனாக இப் மேனிடம் வந்தார். 1959இல் அமெரிக்கா போய்விட்டார். பயிற்சியில் பெரும்பங்கு மூத்த மாணவர் வோங் சுன் லியூங்கிடம். எனவே புரூஸ் லீயின் பெயருக்கு இரண்டு கோடுகள் வருகின்றன. கட்டம் மட்டும் இப் மேனின் மற்ற மாணவர்களான லியூங் ஷியூங், லோக் யியூ, சூ ஷோங் டின் ஆகியோருக்கு உள்ள அதே அளவு.

அந்த லியூங் ஷியூங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோஷானில் வசதியான குடும்பத்தில் வளர்ந்து, காவல்துறையில் பணியாற்றிய இப் மேன், 1949 ஆட்சி மாற்றத்தை ஒட்டி ஹாங்காங் வந்தபோது பிழைப்புக்கு வழி தேட வேண்டியிருந்தது. 1950இல், தம் 56ஆம் வயதில், உணவகத் தொழிலாளர் சங்கத்தின் இடத்தில் கற்பிக்கத் தொடங்கினார். முதல் மாணவர் லியூங் ஷியூங், அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர். சீடர்கள் கூடி முறைப்படி ஒரு சங்கம் அமைத்தது 1967இல்தான். 1972இல் இப் மேன் மறைந்தார். அதாவது, இவ்வளவு பெரிய மரபும் ஒரு சங்கம் கொடுத்த இடத்தில்தான் பிழைத்தது. நம் இடத்துக்கு மூன்று மாத வாடகை பாக்கி.

பெயரேட்டில் 38 பேர் இருக்கிறோம். சந்தாவை முழுமையாகச் செலுத்தியவர்கள் 11 பேர். பயிற்சிக்கு ஒழுங்காக வருபவர்கள் ஒன்பது பேர். குழுப்படம் எடுத்த அன்று 34 பேர்.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். இடைவெளியை உறுப்பினர் ஒருவர் தம் கைப்பணத்தால் ஈடுகட்டியிருக்கிறார். அவர் யார் என்று இங்கே நானே சொல்வது முறையாகாது. மற்ற விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. அவர் ஊரிலிருந்து திரும்பியதும் காட்டுவார்.

ஆசானுக்கும், தண்ணீர்க் குடம் தந்த பக்கத்துக் கடைக்காரருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வருபவரிடம் சாவியை மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். கடந்த இரண்டு ஆண்டுகளாகவும் இதையே சொல்லி வருகிறேன். பலகையின் அடிவரிசையில், நம் ஆசான் பெயருக்குக் கீழே, சில கட்டங்கள் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுதுபவர் ஆடி கழிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர். அவரிடம் கொடுக்கும் பெயர்ப்பட்டியலை ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தே தயாரிக்க இருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்