குடல் கிள்ளிய நெத்திலி

மக்களே,

"இனிமேல் சிப்பியும் கருவாடும் அனுப்பாதீங்க அப்பா" என்று சொல்லி போனை வைத்தவள்தான், ஒரு மாதமாகப் பேசவில்லை. அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறாய். அவள் பாதிதான் சொன்னாள். மீதியை நான் கேட்கவில்லை.

சிப்பியில் பொலோனியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதாக நீ படித்தது சரிதான். நான் படிக்க வைத்த பிள்ளை எனக்கே பாடம் எடுக்கிறாள், இருக்கட்டும். ஆனால் அதை மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிர்வீச்சு மணலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. அது தோரியம். இந்தப் பொலோனியம்-210 யுரேனியத்தின் வழிவந்தது, எல்லாக் கடலிலும் உண்டு. சிப்பி கடல்நீரை வடிகட்டித் தின்கிறது, அதனால் அதன் வயிற்றுப் பகுதியில் சேர்கிறது. மீனிலும் சதையைவிடக் குடலில்தான் அதிகம். வேகவைத்தால் போகாது, குடலை எடுத்தால் பெருமளவு குறையும். நெத்திலியை நாம் முழுசாகத் தின்பதுதான் சிக்கல்.

இயற்கையிலிருந்து உலகத்தில் ஒரு ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கிடைக்கிறது. சாப்பாட்டின் பங்கு அதில் சுமார் 0.3. தினமும் மீன் தின்கிற நமக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மீனை விட்டுவிடாதே. சுறா மாதிரிப் பெரிய வேட்டைமீன்கள் மட்டும் வேண்டாம், அவற்றில் பாதரசம் அதிகம். மற்றதைச் சாப்பிடு. நடந்ததற்கும் சிப்பிக்கும் சம்பந்தம் இல்லை, மக்களே. எது நடந்தது என்று நான் எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னொன்று. புகையிலை இலையிலும் இதே பொலோனியம்தான். 1964லேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, இந்தப் பொலோனியம் உமிழும் ஆல்ஃபா துகளைப் பலகையில் வரைந்துவிட்டு, இடைவேளையில் புளியமரத்தடிக்குப் போய் சிகரெட் பற்ற வைத்தவன் நான். நீ அம்மா வயிற்றில் இருந்தபோது அந்த ஒற்றை அறையில் ஜன்னலைக்கூடத் திறக்காமல் ஊதினேன். உனக்கு இழுப்பு வந்தபோது கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். அம்மா அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. நீ சிப்பியைச் சந்தேகப்பட்டதாகக் கேட்டதும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை இரண்டு கிலோ நெத்திலி வாங்கி, நானே உட்கார்ந்து தலையும் குடலும் கிள்ளிக் காயப்போட்டேன். பாதி நாள் ஆயிற்று. அனுப்பவில்லை, நீல டப்பாவில் இருக்கிறது. வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்.

அப்பா