பொட்டென்சியோமீற்றரின் ஓட்ட எல்லையையும் கற்பிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விஞ்ஞானக் கண்காட்சிகளுக்காக மின்சுற்று அமைக்கும் பிள்ளைகள் பொட்டென்சியோமீற்றரை, அதாவது கடைகளில் 'வொலியூம் கொன்ட்ரோல்' என்று கேட்டு வாங்கும் மாறும் தடையியை, எரித்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதனைக் கவனக்குறைவு என்று கண்டிப்பது நியாயமன்று.

அண்மையில் ஹட்டனை அடுத்த தோட்டமொன்றின் தரம் 11 மாணவி ஒருத்தி, தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் முறையைக் காட்டும் மாதிரியொன்றைச் செய்தாள். விசிறியின் வேகத்தை மாற்றுவதற்காக, 12 வோல்ற்று மோட்டருடன் 1000 ஓம், 0.2 உவாற்று பொட்டென்சியோமீற்றரைத் தொடராக இணைத்திருந்தாள். 12ஐ 12ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 0.144 உவாற்றே வருவதால் அது தாங்கும் என்று கொப்பியில் கணக்கும் எழுதியிருந்தாள். ஆயினும், குமிழைத் திருப்பி விசிறி நன்றாகச் சுழலத் தொடங்கியபோது புகை கிளம்பியது.

அந்தக் கணக்கு, தடைப் பாதை முழுவதிலும் ஓட்டம் பாயும்போது மட்டுமே பொருந்தும். 0.2 உவாற்று என்பது பாதை முழுவதற்கும் உரிய எல்லை. பாதையின் ஒரு பகுதி மட்டும் பயன்படும்போது தாங்கும் வலுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. மாறாதிருப்பது ஓட்ட எல்லையே, அதாவது பாதை கருகாமல் தாங்கக்கூடிய அதிகூடிய மின்னோட்டமே. வலுவைத் தடையால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் இங்கு அது ஏறத்தாழ 14 மில்லியம்பியர். குமிழ் 30 ஓமில் நின்று 200 மில்லியம்பியர் பாய்ந்தால், அந்தச் சிறு துண்டில் மட்டும் 1.2 உவாற்று வெப்பம் பிறக்கும். அத்துண்டு தாங்கக்கூடியதோ 0.006 உவாற்று. இருநூறு மடங்கு சுமையை எந்தக் கரிப்படலம் தாங்கும்? பொட்டென்சியோமீற்றரின் முதுகில் ஓம் அளவைப் பொறிக்கிறார்கள். உவாற்று அளவைப் பெரும்பாலும் பொறிப்பதில்லை என்பதும் பிள்ளைகளுக்குப் பாதகமாகிறது.

இதற்கு மாற்று வழி எளிது. பொட்டென்சியோமீற்றரின் இரு ஓரமுனைகளையும் மின்வழங்கலுக்குக் குறுக்கே இணைத்து, நடுமுனையிலிருந்து டிப் 122 போன்ற டார்லிங்டன் திரான்சிஸ்டர் (மிகச் சிறிய ஓட்டத்தால் பெரிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு) ஒன்றின் அடிவாயை, அதாவது கட்டுப்படுத்தும் முனையை, இயக்கினால், மோட்டரின் ஓட்டத்தைத் திரான்சிஸ்டரே சுமக்கும். நடுமுனையிலிருந்து ஒரு மில்லியம்பியருக்கும் குறைவான ஓட்டமே செல்லும். மாணவி எழுதிய கணக்கு இந்த இணைப்புக்குச் சரியாகப் பொருந்தும். திரான்சிஸ்டருக்கு அலுமினியத் தகடொன்றைப் பொருத்திவிடவேண்டும், ஏனெனில் வெப்பம் இப்போது அங்கேதான் பிறக்கும். தொடர் இணைப்பே வேண்டுமெனில், கம்பி சுற்றிய 100 ஓம், 5 உவாற்று வகை ஏறத்தாழ 220 மில்லியம்பியர் வரை தாங்கும்.

லயத்து வீட்டுப் பிள்ளையொருத்தி, பஸ் ஏறி நகருக்குச் சென்று வாங்கிவந்த பொருள் சில நொடிகளில் கருகியதைப் பார்த்து அழுதாள். செய்முறை வகுப்பில் ஓமின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஓட்ட எல்லையைக் கணிக்கவும் சேர்த்துக் கற்பிக்குமாறும், தங்கள் கல்விப் பக்கத்தில் இதனை ஒரு சுற்றுப்படத்துடன் விளக்கி வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
ஹட்டன்.