எத்தனையாவது தலைமுறை ஐ7?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கும்போது, தங்கை மகளுக்கோ அண்ணன் மகனுக்கோ கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் கடையேறும் மாமாக்களும் சித்தப்பாக்களும் நிறைய பேர். அவர்கள் கண்ணில் படுவது “ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டருடன் மலிவு விலையில்” என்ற விளம்பரம். சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஐ7 என்பது கணினியின் மூளையான பிராசசரில் இன்டெல் கம்பெனியின் ஒரு வரிசை. ஆனால் அது எத்தனையாவது தலைமுறை ஐ7 என்பதை மட்டும் பெரும்பாலான விளம்பரங்கள் சொல்வதில்லை. வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இப்படிப்பட்ட செட்டுகளில் அடிக்கடி இருப்பது ஐ7-2600 அல்லது ஐ7-3770. முன்னது 2011இல் வந்தது, பின்னது 2012இல். அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராசசரை, பெயர் தெரியாத புது எச்61 மதர்போர்டில் (பாகங்களைப் பொருத்தும் முதன்மைப் பலகை) பொருத்தி, வண்ண விளக்கு எரியும் கேபினெட்டில் வைத்துத் தருகிறார்கள். 2022இல் வந்த ஐ3-12100 இந்த ஐ7-2600ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகமானது. இரண்டுக்குமே நான்கு கோர் (வேலை செய்யும் பகுதிகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்)தான். நடுவில் ஓடிய பதினோரு ஆண்டுதான் வித்தியாசம். தலைமுறையை அறிய மாடல் எண்ணைப் பார்த்தாலே போதும். மேசைக் கணினிப் பிராசசர்களில், ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயருக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம் தலைமுறை. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு. 3770 மூன்றாவது, 8500 எட்டாவது, 12100 பன்னிரண்டாவது.

வேகத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெலில் எட்டாவது தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டிப் பழைய மெஷினிலும் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிற கடைகள் உண்டு. அன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய அப்டேட் அதற்குத் தானாக வராது. மூன்று நான்கு வருடப் படிப்புக்கு வாங்கும் பொருள் இப்படி இருக்கக் கூடாது.

புதிதாக அசெம்பிள் செய்வதானால், பி.காம்., பி.எஸ்சி., டேலி, ஆபீஸ், ஆன்லைன் வகுப்பு, ஓரளவு புரோகிராமிங் ஆகியவற்றுக்கு ஐ3-12100உம் எச்610 போர்டும் போதும். விளையாட்டும் கொஞ்சம் வேண்டும் என்றால் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸும் இன்டெலினதைவிட நன்று. இங்கேதான் பலர் ஓர் எழுத்தில் சறுக்குகிறார்கள். 12100எஃப் என்று எஃப் சேர்ந்து வந்தால் அதில் கிராபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது. 5600ஜி போல ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன்களில் இது தலைகீழ்: ஜி இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு, 5500, 5600 இரண்டிலும் இல்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று எஃப் வாங்கி வந்தால், எல்லாம் பொருத்திய பிறகு ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். போர்டில் ஒரு பழுதும் இருக்காது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்குவதுதான் வழி. அதோடு பட்ஜெட் போய்விடும்.

2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிக்கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களின் தேவைக்கு மெமரி சிப்புகள் திருப்பிவிடப்பட்டதுதான் காரணம். எஸ்எஸ்டியும் அதோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. அதனால் விசாரித்த அன்றைக்கே இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு முடிவெடுப்பது நல்லது. எச்610 போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரு வகையில் வருகிறது. ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது, ராமின் அடியில் வெட்டு இருக்கும் இடமே வேறு. குறைந்த பட்ஜெட்டுக்கு டிடிஆர்4 போர்டே சரி. உறவில் யாருடைய பழைய கணினியிலாவது டிடிஆர்4 ராம் சும்மா கிடந்தால் பயன்படும். ஐ3 என்றால் இப்போதைக்கு 8 ஜிபி ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, அடுத்த ஸ்லாட்டைக் காலியாக விட்டுவைக்கலாம். ரைசன் 5600ஜிக்கு அப்படிச் செய்யக் கூடாது. அதன் கிராபிக்ஸ் தன் நினைவகத்தை ராமிலிருந்தே எடுத்துக்கொள்வதால், ஒற்றை ராம் போட்டால் தரவு போகும் பாதை பாதியாகிவிடும்: டிடிஆர்4-3200 ஒன்றில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டில் 51.2 ஜிபி. 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு அங்கே மேல். இன்னொன்று: 8 ஜிபி போட்ட மெஷின் 7.4 என்றோ 5.9 என்றோ காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். மீதியை கிராபிக்ஸ் எடுத்து வைத்திருக்கும்; பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) அதைக் குறைக்கலாம். அதேபோல 500 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 465 ஜிபி என்றுதான் தெரியும்.

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒரே பேச்சு: விண்டோஸ் இருக்கும் டிரைவ் எஸ்எஸ்டியாக இருந்தே ஆக வேண்டும், வேகமான என்விஎம்இ வகையாக இருந்தால் நல்லது. என்விஎம்இ வரும் எம்.2 என்ற சிறு பட்டை வடிவத்தில், அதைவிட மெதுவான சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் சில போர்டுகளின் எம்.2 ஸ்லாட்டில் அது வேலை செய்யாது.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி. மொத்தப் பட்டியலில் யாரும் கேட்காமல் விடும் பொருள் இதுதான். வீட்டுக் கணினிகள் சாவதும் பெரும்பாலும் இதனால்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே எடை குறைவு தெரியும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த செட் மானிட்டரோடு சேர்த்தே 100 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். எனவே நமக்கு வாட் தேவையில்லை, தரம்தான் தேவை. மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று பெற்ற, மூன்று வருட வாரண்டி உள்ள 400 வாட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். 8 பின் பிராசசர் கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய, மலிவான சப்ளைகளில் 4 பின் மட்டும் இருக்கும். மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர் உப்பிய பிறகு 12 வோல்ட் நிலையாக நிற்காது. காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும்; ஆள் ராமை மாற்றுவார், விண்டோஸை மறுபடி ஏற்றுவார், கடைசியில் எஸ்எஸ்டியும் போகும். பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற பக்கத்தைத் திறந்தால் 12 வோல்ட் அளவு தெரியும். அது 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். வெளியே போனால் முதலில் மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ்தான்.

அதே அக்கறை வீட்டு எர்த்திங்கிலும் வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று பல வீடுகளில் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய கசிவு மின்னோட்டத்தை கேபினெட்டுக்கு அனுப்பும். எர்த் சரியாக இருந்தால் அது அந்த வழியே போய்விடும், இல்லையென்றால் தொடுகிறவர் உடல் வழியே போகும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட் வரை காட்டினால் பரவாயில்லை. மிக அதிகமாகக் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் ஏறும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தனி யூபிஎஸ் தேவைப்படாமலும் போகலாம். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருக்கும், அதில் வைக்க வேண்டும். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லிநொடிதான். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரமாகும், கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யூபிஎஸ் போதும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள். சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு யூபிஎஸ் அணைந்துவிடும்.

மானிட்டர் 22 அல்லது 24 இன்ச், 1920×1080, ஐபிஎஸ் பேனல், எச்டிஎம்ஐ இணைப்பு. 18.5 இன்ச்சில் வரும் 1366×768ஐ எடுத்தால் எக்செல் ஷீட்டில் பாதி தெரியாது. வைஃபை அடாப்டர், வெப்கேமரா, மைக், ஸ்பீக்கர் நான்கும் விலைப்பட்டியலில் இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனிப்பார்கள். அதற்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.

திருட்டு விண்டோஸ் வேண்டாம். ஆக்டிவேட் செய்ய ஏற்றும் கிராக் மென்பொருளோடு என்னென்ன உள்ளே வரும் என்று கடைக்காரருக்கும் தெரியாது, அந்தப் பிள்ளை வங்கிக் கணக்கைத் திறக்கப்போவதும் அதே கணினியில்தான். லைசென்ஸுக்குப் பணம் இல்லையென்றால் இலவச இயங்குதளங்களான உபுண்டு, லினக்ஸ் மின்ட் அல்லது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஏற்றிக்கொள்ளலாம். டேலி கற்க வேண்டியவருக்கு மட்டும் இது உதவாது, அதற்கு விண்டோஸ்தான்.

இதற்கும் பணம் போதாதவர்களுக்கு, ஐ7-3770 செட்டைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் கழிக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் வகையில் ஐ5-8500 உள்ளதைத் தேடுங்கள். ஆறு கோர், விண்டோஸ் 11 முறையாக ஏறும், பல மெஷின்களில் ஒரிஜினல் விண்டோஸ் லைசென்ஸ் போர்டிலேயே பதிந்திருக்கும். இவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்தந்தக் கம்பெனி அளவில் இருப்பதால் வெளிச் சந்தைப் பொருள் பொருந்தாது. அது ஒரு குறைதான். வாங்கும்போது பயாஸுக்குள் நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆயுள் எத்தனை சதவீதம் மிச்சம் என்றும் பாருங்கள்.

எந்தக் கடையானாலும், ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். “அசெம்பிள்டு செட் 1” என்று ஒற்றை வரியில் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்க முடியாது. பிராசசரை சீல் பெட்டியில் வாங்குங்கள். பெட்டியில்லாமல் டிரேயில் வருவதற்குக் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி கிடைக்காது.

தங்களிடம் ஒரு கோரிக்கை. கணினி விளம்பரம் தரும் கடைக்காரர்களிடம் பிராசசரின் முழு மாடல் எண்ணையும், பொருள் புதியதா பழையதா என்பதையும் கேட்டு வாங்கிய பிறகே விளம்பரத்தை வெளியிடுங்கள். “ஐ7” இருக்கும் இடத்தில் “ஐ7-2600, பழையது” என்று போட அரை வரிகூட ஆகாது.

இப்படிக்கு,
கணினி அசெம்பிளி, சர்வீஸ் தொழிலில் இருக்கும் வாசகர்,
திருச்சி.