மண்டைய தொறந்தா கை விழுந்துடும்னு பயப்படுறவங்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல மூளைக்கட்டி பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. அறிகுறி என்னா, எப்ப டாக்டர பாக்கணும், எல்லாம் தெளிவாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா எங்க மலேசியா சுங்கை சிப்புட் பக்கம் ஜனங்க எத நெனச்சு பயந்து ஆப்பரேஷன் வேணாம்னு வீட்டுக்குத் திரும்பி வந்துடுறாங்களோ அத பத்தி அதுல ஒரு வரி கூட வரல, அதனாலதான் இந்தக் கடிதம்.

இங்க கட்டின்னு சொன்னா கூட ஜனங்க தாங்கிக்குவாங்க. டாக்டர் "கட்டி, கைய அசைக்கிற எடத்துக்குப் பக்கத்துல இருக்கு, எடுத்தா பலவீனம் வரலாம்"னு சொன்ன உடனே குடும்பமே எழுந்து வந்துடும். தோட்டத்துல வேல செஞ்சவங்களுக்கு, இப்ப செம்பனையில குலை வெட்டுறவங்களுக்கு, கைதானே சம்பளம். அந்த பயத்த நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா அந்த பயத்துக்கு ஆப்பரேஷனுக்கு முன்னாடியே காந்தத்தால செய்ற ஒரு டெஸ்ட்ட வச்சு ஒரு பதில் கேட்டு வாங்க முடியும்னு நெறய பேருக்கு யாரும் சொல்றதே இல்ல.

எங்க பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. குலை வெட்டுறவரு. அவருக்கு வலது கை வெரலு ரெண்டு தானா துடிக்க ஆரம்பிச்சுச்சு, அப்புறம் துடிப்பு முழங்கை வரைக்கும் ஏறி கொஞ்ச நேரத்துல நின்னுடும், நெனவு தப்பாது, அதனால எல்லாரும் நரம்பு இழுத்துக்கிச்சுன்னு எண்ணெ போட்டு நீவி விட்டாங்க. அதுவும் ஒரு வகை வலிப்புதான்னு யாருக்கும் தோணல. ஒடம்புல ஒரு பக்கம் மட்டும், ஒரே எடத்துல ஆரம்பிச்சு இப்படி துடிச்சா அந்த எடத்த ஆட்டி வைக்கிற மூளைப் பகுதியில ஏதோ தொந்தரவு இருக்கலாம்னு அர்த்தம், உடனே காட்டணும். கடைசியில ஸ்கேன் எடுத்தப்ப எடது பக்க மூளையில கட்டி. வலது கைய எடது பக்க மூளைதான் அசைக்குது.

மொதல்ல போன ஆஸ்பத்திரியில மலாய்ல மருத்துவ வார்த்தையா அடுக்கி அவசரமா சொல்லி, யோசிச்சுட்டு கையெழுத்து போடுங்கன்னு ஃபாரத்த குடுத்துட்டாங்க. அண்ணிக்கு அதுல புரிஞ்சது "லும்போ" ஒண்ணுதான். லும்போன்னா பக்கவாதம். வீட்டுக்கு வந்தா பக்கத்து வீட்டு அம்மா "வேணாம் புள்ள, மண்டைய தொறந்தவன் எவன் கையக் கால ஆட்டிக்கிட்டு வந்தான்"னு சொல்லிட்டாங்க. அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, முந்தி அவங்க வீட்டுல ஒருத்தருக்கு அப்படி ஆனத பாத்தவங்க.

அப்புறம் வேற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு போனதுலதான் இந்த காந்த டெஸ்ட் பத்தி தெரிய வந்துச்சு. டிஎம்எஸ்னு சொல்றாங்க. மண்டைய தொறக்காம, ஊசி கத்தி இல்லாம, வெளிய இருந்தே காந்தத்தால மூளைய தட்டி, எந்த எடம் எந்த சதைய அசைக்குதுன்னு மேப் போடுறது.

நான் அண்ணிக்கு துணையா போனதால கூடவே இருந்து பாத்தேன். மொதல்லயே எம்ஆர்ஐ எடுத்து அவரோட மூளை படத்த கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தாங்க. அவர நாற்காலியில சாய வச்சு நெத்தியில ஒரு பட்டி கட்டினாங்க, அதுல பளபளன்னு சின்ன சின்ன உருண்டை இருக்கு, எதிர்ல இருக்குற கேமரா அத பாத்து தலை எந்தப் பக்கம் திரும்புனாலும் கண்டுபிடிச்சுடும். அப்புறம் ஒரு பேனா மாதிரி குச்சியால மூக்கு மேல, காதுகிட்ட எல்லாம் தொட்டு, நெசத் தலையும் படத்துல உள்ள தலையும் ஒண்ணா பொருந்த வச்சாங்க. கட்டை வெரலுக்கு அடியில உள்ள சதையில, ஆள்காட்டி வெரல் பக்கத்துல, முன்கையில, கால்ல எல்லாம் வயர் ஸ்டிக்கர் ஒட்டினாங்க. காதுல பஞ்சு மாதிரி அடைப்பு, ஏன்னா சத்தம் டக் டக்னு கேக்கும். எட்டு எழுத்து வடிவத்துல சுத்தின ஒரு கம்பிச்சுருள தலைமேல வச்சு "அண்ணே, கைய லூசா விடுங்க, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்"னு அந்த டாக்டர் பொண்ணு தமிழ்லயே சொல்லுச்சு. டக். ஒண்ணும் இல்ல. கொஞ்சம் நகத்தி மறுபடி டக். திடீர்னு மடியில கெடந்த அவரோட கட்டை வெரலு துள்ளுச்சு, அவரு அசைக்கல. திரையில அலை மாதிரி ஒரு கோடு எழும்புச்சு, மூளை படத்து மேல அந்த எடத்துல ஒரு கலர் புள்ளி விழுந்துச்சு. அசையாத எடத்துல சாம்பல் கலர் புள்ளி. இப்படியே புள்ளி புள்ளியா வச்சு கைக்கு எது எல்லைன்னு வரைஞ்சு முடிச்சாங்க. கட்டி மேல தட்டுனப்ப கை அசையல, அதுக்குப் பின்னால தள்ளி தட்டுனப்பதான் அசைஞ்சுச்சு. கட்டி வளந்து வளந்து அந்த எடத்த பின்னாடி தள்ளிடுச்சுன்னு டாக்டர் விரல வச்சு காட்டுனாங்க. அண்ணி அத பாத்துட்டுதான் கையெழுத்து போட்டாங்க.

இது ஏதோ நேத்து வந்த வித்தை கெடையாது. மூளைக்கு கரண்ட் குடுத்தா ஒடம்பு அசையும்னு 1870-லயே ஜெர்மனியில ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக்னு ரெண்டு பேரு நாய் மூளையில காட்டிட்டாங்க. கனடாவுல மொன்ட்ரியால்ல வைல்டர் பென்ஃபீல்ட்னு ஒரு சர்ஜன், நோயாளி முழிச்சிருக்கும்போதே மூளைய கரண்டால தொட்டு தொட்டு கை எங்க, வாய் எங்க, கால் எங்கன்னு எழுதி வச்சாரு, அந்த கட்டுரை 1937-ல வந்துச்சு. ஆனா அதுக்கெல்லாம் மண்டைய தொறந்தாகணும். 1985-ல இங்கிலாந்துல ஷெஃபீல்ட்ல அந்தோணி பார்க்கரும் அவரு கூட இருந்தவங்களும்தான் காந்தத்தால வெளிய இருந்தே கைய துள்ள வச்சு காட்டுனாங்க. சுருள்ல ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மியான நேரத்துக்கு கரண்ட் பாயுது, அதுல பொறக்குற காந்தம் எலும்ப வலிக்காம தாண்டிப் போயி மூளை மேற்பரப்புல ஒரு சின்ன கரண்ட உண்டாக்குது, அதுல கெளம்புற நரம்பு சிக்னல் தண்டுவடம் வழியா எறங்கி கைச் சதைக்கு ஏறக்குறைய 20 மில்லிசெகண்ட்ல வந்து சேருது. ஆப்பரேஷனுக்கு முன்னாடி மேப் போடுறதுக்கு அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகள சரி பாக்குற எஃப்டிஏ அமைப்பு 2009-லயே அனுமதி குடுத்துடுச்சு. ஜெர்மனி, பின்லாந்து பக்கம் பெரிய ஆஸ்பத்திரிகள்ல இது வழக்கமான வேலை.

எம்ஆர்ஐ படத்துலயே கையோட எடம் தெரியாதான்னு நானும் டாக்டர கேட்டேன். சாதாரணமா தெரியும், மூளை மடிப்போட வடிவத்த வச்சே சொல்லிடுவாங்களாம், ஆனா கட்டியும் வீக்கமும் சேந்து மடிப்பையே கோணலாக்கிடும்போது கண்ணால பாத்து சொல்றது சிரமம். இன்னொரு எம்ஆர்ஐ இருக்கு, உள்ள படுத்துக்கிட்டு வெரல அசைக்கச் சொல்லி ரத்த ஓட்டம் எங்க கூடுதுன்னு பாப்பாங்க. அதுவும் உபயோகமானதுதான், ஆனா கட்டிய சுத்தி ரத்த ஓட்டமே மாறிப் போயிருக்கும், அதோட கை ஏற்கனவே பலம் கொறஞ்சவங்க எப்படி அசைப்பாங்க? காந்த டெஸ்ட்ல நோயாளி சும்மா இருந்தா போதும், தட்டுனா கை அசையுதா இல்லையான்னு நேரடியா தெரிஞ்சுடுது.

பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுனவங்களுக்கு இது உடனே புரியும். பட்டையில சரியான ஆழம் போனா பால் வரும், மயிரிழை கூடப் போனா மரத்துக்குக் காயம். சர்ஜனுக்கும் அந்த மாதிரி சில மில்லிமீட்டர் கணக்குதான். இந்த மேப்ப ஆப்பரேஷன் அறையில உள்ள வழிகாட்டுற கம்ப்யூட்டர்ல ஏத்திடுவாங்க, மூளையில இருந்து கைக்கு எறங்குற நரம்பு நார் எந்த வழியா போகுதுன்னும் அந்தப் புள்ளிகள ஆரம்பமா வச்சு வரைஞ்சு காட்டும். எந்தப் பக்கமா உள்ள போறது, எது வரைக்கும் எடுக்கலாம், எங்க நிறுத்தணும், எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சுட்டுப் போவாங்க. உள்ள போன பெறகு மூளைய நேரடியா மின்சாரத்தால தொட்டு மறுபடி சரி பாப்பாங்க, அதுதான் கடைசி அளவுகோல்.

உண்மையையும் சொல்லணும். இந்த டெஸ்ட் எடுத்துட்டா கை போகாதுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. எங்க அண்ணனுக்கே ஆப்பரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் கை கனத்துப் போயி, சட்ட பட்டன அண்ணிதான் போட்டு விட்டாங்க. பிசியோ போயி போயி இப்ப அவரே போட்டுக்குறாரு, தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்குற வேலையில இருக்காரு, கம்பம் தூக்கி வெட்ட டாக்டர் இன்னும் விடல. சில பேருக்கு மேப்ப பாத்துட்டு "இத முழுசா எடுக்க வேணாம்"னு கூட சொல்லுவாங்க. அதுவும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயந்தான், கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே தெரியறது எவ்வளவோ மேல்.

தலைக்கு கரண்ட் வைக்கிறாங்களாம், பைத்தியத்துக்கு வைக்கிறதுன்னு ஒரு பேச்சும் இங்க ஓடுது. அது வேற சிகிச்சை, மயக்கம் குடுத்து செய்றது. இதுல முழிச்சு பேசிக்கிட்டே இருக்கலாம், தலையில லேசா குத்துற மாதிரி இருக்கும், சில பேருக்கு தலைவலி வரும், வலிப்பு வர்றது ரொம்ப அபூர்வம், ஆனா கட்டி உள்ளவங்களுக்கு ஏற்கனவே வலிப்பு இருக்கலாம்ன்றதால மாத்திரைய நிறுத்தாம போகணும், டாக்டர் பக்கத்துலயே இருப்பாங்க. தலைக்குள்ள கிளிப்போ வேற உலோகமோ வச்சிருந்தா, காதுக்குள்ள கருவி பொருத்தியிருந்தா, நெஞ்சுல பேஸ்மேக்கர் இருந்தா கட்டாயம் முன்னாடியே சொல்லிடணும். தோடு, ஹேர்பின் எல்லாம் கழட்டிட்டு போகணும்.

சுகாதார அமைச்சுல உள்ளவங்க இத படிச்சா ஒரு வேண்டுகோள். கோலாலம்பூர் வரைக்கும் போக முடியாதவங்களுக்கும் இந்த வசதி எட்டணும், அரசாங்க ஆஸ்பத்திரி கட்டணத்துலயே கெடைக்கணும், கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி படத்த காட்டி அவங்க மொழியில ஒருத்தர் பொறுமையா விளக்கணும். குடும்பத்துல உள்ளவங்களும் சும்மா தலையாட்டிட்டு வராம கேளுங்க: கட்டி கை அசையுற எடத்துக்கு எவ்வளவு பக்கம், ஆப்பரேஷனுக்கு முன்னாடி மேப் போடுவீங்களா, இங்க இல்லன்னா எங்க அனுப்புவீங்க, எடுக்காம விட்டா என்னா ஆகும். கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாருன்னு நெனக்காதீங்க, எங்க கேள்விக்கு அந்தப் பொண்ணு படத்த திருப்பி திருப்பி காட்டி பதில் சொல்லுச்சு.

ஆசிரியர் அவர்களே, நம்ம தமிழ் டாக்டர் யாரையாவது வச்சு, மூளை படத்தோட, இத ஞாயிறு பதிப்புல ஒரு முழுப் பக்கமா போடுங்க. தோட்டத்துப் பக்கம் ஞாயிறு பேப்பர்தான் வீடு வீடா கை மாறி போகுது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்